கரும்பு காத்திருக்காது

வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கச் செல்வோர் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து திரும்பும் இடம் படாளம். திரும்பி வருவோரின் நினைவில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நிற்கும். படாளத்தில் இருக்கும் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை நிற்பதில்லை. அரவைக் காலத்தில் அவ்வழியே பேருந்தில் போகிறவர்கள் பாகு வாசனையை வைத்து அதை அறிந்துகொள்வர். அவ்வளவுதான்.

பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில் 'உற்பத்தித் திறன்' என்ற பாடம் வரும்போதெல்லாம் நான் சர்க்கரை ஆலையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். மகிழுந்துத் தொழிற்சாலையை விடவும், மென்பொருள் நிறுவனத்தை விடவும் அது நல்ல ஆசிரியர். ஏனெனில், அங்கே மூலப்பொருள் ஒவ்வொரு மணி நேரமும் தன் மதிப்பை இழந்துகொண்டே இருக்கிறது. நிர்வாகத்தின் பிழைகள் ஆண்டறிக்கை வரும் வரை காத்திராமல் அன்றன்றே சாற்றில் தெரிந்துவிடுகின்றன.

உற்பத்தித் திறன் என்பது விளைவை இடுபொருளால் வகுத்துக் கிடைக்கும் எண். எளிய வகுத்தல்தான். ஆனால், எந்த இடத்தில் நின்று வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும். வயலில் நின்று கணக்கிட்டால் தமிழகம் நாட்டின் முன்வரிசையில் உள்ளது. எக்டேருக்கு 100 டன் என்ற அளவை ஒட்டிக் கரும்பு எடுக்கும் மாநிலங்கள் இந்தியாவில் அதிகமில்லை. ஆலை வாயிலைத் தாண்டி உள்ளே போய்க் கணக்கிட்டால் கதை வேறு. ஒரு டன் கரும்பிலிருந்து எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதைச் சர்க்கரைக் கட்டுமானம் அல்லது பிழிதிறன் என்பார்கள். தமிழக ஆலைகளில் இது பெரும்பாலும் 9 சதவீதத்தை ஒட்டியே ஊசலாடுகிறது.

ஒன்றிய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த நியாயமான மற்றும் ஆதாய விலை, 10.25 சதவீதப் பிழிதிறனுக்கு டன்னுக்கு 3,550 ரூபாய். பிழிதிறன் குறையக் குறைய விலையும் குறையும், ஆனால், 9.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்கு மேல் குறையாது. அங்கே விலை 3,290 ரூபாய் 50 காசில் நின்றுவிடும். விவசாயியைக் காப்பதற்கான இந்தத் தளம் சரியானதே. ஆனால், ஆலையின் பக்கமிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். 10.25 சதவீதம் எடுக்கும் ஆலைக்கு ஒரு கிலோ சர்க்கரையில் கரும்பின் விலை மட்டும் ஏறத்தாழ 34 ரூபாய் 63 காசு. 9 சதவீதம் எடுக்கும் ஆலைக்கு 36 ரூபாய் 56 காசு. 8.5 சதவீதம் என்றால் 38 ரூபாய் 71 காசு. கூலி, எரிபொருள், வட்டி, தேய்மானம் எதுவும் இதில் சேரவில்லை. ஆலைகள் விற்கவேண்டிய குறைந்தபட்ச விலையாக 2019 பிப்ரவரியில் நிர்ணயிக்கப்பட்டது கிலோவுக்கு 31 ரூபாய். சந்தை விலை அதைவிட மேலே இருந்து வருகிறது என்றாலும், கிலோவுக்கு நான்கு ரூபாய் பின்தங்கிய நிலையில் பந்தயத்தைத் தொடங்கும் ஆலை எப்படி ஈடுகொடுக்கும்?

போட்டித் திறன் என்ற சொல்லைக் கண்டாலே முகம் சுளிக்கும் பொருளியல் அறிஞர்கள் உண்டு. பால் க்ருக்மன் 1994-இல் எழுதிய கட்டுரையொன்றில், நாடுகளைப் போட்டி நிறுவனங்களைப் போலப் பேசுவது ஆபத்தான பித்து என்றே வாதிட்டார். நாடுகள் கடையைச் சாத்திவிட்டுப் போவதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆலைகள் சாத்துகின்றன. 2011-12-இல் 24 லட்சம் டன்னை ஒட்டியிருந்த தமிழகத்தின் சர்க்கரை உற்பத்தி, 2017-18-இல் சுமார் 7 லட்சம் டன்னுக்கு இறங்கியபோது அதைக் கண்கூடாகக் கண்டோம். வறட்சி ஒரு காரணம். அது மட்டுமே காரணமன்று.

பிழிதிறன் ஏன் குறைகிறது? தட்பவெப்பமும் இரகமும் முதல் விடைகள். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் தந்த கோ 86032 தமிழகத்தின் பெரும்பரப்பை ஆண்டுக்கணக்கில் தன்வசம் வைத்திருக்கிறது. நல்ல இரகம்தான், ஆனால் ஒரே இரகத்தையே நம்பியிருக்கிறோம். அதே நிலையத்தின் கர்னால் மையத்திலிருந்து வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் ஆலைகளை 9 சதவீதச் சொச்சத்திலிருந்து 11 சதவீதத்துக்கு மேல் தூக்கி நிறுத்தியது. பிறகு செவ்வழுகல் நோய் அந்த இரகத்தையே தாக்கியபோது, ஒரே குதிரையில் பணம் கட்டியதன் விலையும் அங்கே தெரிந்தது.

மூன்றாவது விடை அதிகம் பேசப்படாதது, நேரம். வெட்டிய கரும்பு உயிருள்ள பொருள். வெட்டியது முதல் நீர் வற்றத் தொடங்கும். அதிலுள்ள இன்வர்டேஸ் எனும் நொதி, படிகமாகக்கூடிய சுக்ரோஸை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கும். இவ்விரண்டும் இனிக்கும், ஆனால் படிகமாகாமல் மொலாசஸோடு ஓடிவிடும். வெட்டு வாயில் நுழையும் நுண்ணுயிர்கள் சாற்றைப் பிசுபிசுப்பாக்கிக் காய்ச்சுவதையும் கடினமாக்கும். 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிடவேண்டும் என்பது எல்லா ஆலைகளிலும் சொல்லப்படும் விதி. எத்தனை ஆலைகள் அதைப் பின்பற்றுகின்றன என்பதுதான் கேள்வி.

ஒருமுறை வட மாவட்டங்களில் உள்ள ஆலை ஒன்றுக்கு முதுகலை மாணவர்களை அழைத்துச் சென்றேன். எந்த ஆலை என்பது இங்கே தேவையில்லை. அதிகாரிகள் அன்போடு கொதிகலன், ஆவியாக்கி, சுழல் எந்திரம் எல்லாம் காட்டினர். மாணவி ஒருவர் மட்டும் உள்ளே வராமல், வெளியே வரிசையில் நின்ற வண்டிகளிடம் போய் ஒவ்வொருவரிடமும் எப்போது வெட்டிய கரும்பு என்று கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மாலையில் அவர் காட்டிய தாளில், முந்தைய நாள் காலையில் வெட்டிய கரும்புதான் புதியது. அந்த ஒரு தாள், நாங்கள் உள்ளே பார்த்த எந்திரங்கள் அனைத்தையும் விட அதிகம் சொல்லியது.

காத்திருப்போர் எண்ணிக்கைக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் இடையே ஓர் எளிய விதி உண்டு. ஜான் லிட்டில் 1961-இல் அதற்குக் கணித நிரூபணம் தந்ததால் அவர் பெயரால் வழங்குகிறது. ஒரு நாளில் எவ்வளவு சரக்கு கடந்து செல்கிறதோ, அதைச் சராசரிக் காத்திருப்பு நாள்களால் பெருக்கினால் எந்த நேரத்திலும் தேங்கி நிற்கும் சரக்கு கிடைக்கும். தமிழகக் கூட்டுறவு ஆலைகளில் பல நாளொன்றுக்கு 2,500 டன் அரவைத் திறன் கொண்டவை. அத்தகைய ஆலையில் வண்டி ஒன்று சராசரியாக 36 மணி நேரம் நின்றால், எந்நேரமும் 3,750 டன் கரும்பு வெயிலில் காய்கிறது என்று பொருள். லாரிக்கு 15 டன் என்றால் 250 லாரிகள். காத்திருப்பை 12 மணி நேரமாக்கினால் 83 லாரிகள் போதும். ஒரு புதிய எந்திரம்கூட வாங்கவேண்டியதில்லை.

பிறகு ஏன் வரிசை குறைவதில்லை? ஆலை மேலாளரைக் குறை சொல்வது எளிது. அவர் நிலையில் நின்று பார்த்தால் நியாயம் புரியும். கொதிகலனை நினைத்தபோது அணைத்து ஏற்ற முடியாது. இரவில் யாரும் கரும்பு வெட்டுவதில்லை. ஆலையோ இரவிலும் ஓடவேண்டும். கரும்பின்றி நின்றுபோனால் மேலிடத்துக்கு விளக்கம் எழுதவேண்டியவர் அவர்தான். எனவே, முற்றம் நிரம்பி வழிவதை அவர் பாதுகாப்பாகக் கருதுகிறார். அந்தப் பாதுகாப்புக்கான கட்டணத்தை யார் செலுத்துகிறார் என்பதை எடை மேடை இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. எடை மேடைக்கு முன்னால் காயும் கரும்பில் குறையும் எடை முழுவதும் விவசாயியின் இழப்பு. அவருக்கு எடைக்குத்தான் பணம். குறையும் சர்க்கரை ஆலையின் இழப்பு. ஆனால், அது அன்றைய கணக்கில் 'காத்திருப்பால்' என்ற தலைப்பில் எழுதப்படுவதில்லை. பருவ இறுதியில் 'பிழிதிறன் குறைவு' என்ற ஒற்றை வரியில் மழை மீதும் இரகம் மீதும் ஏற்றப்படுகிறது.

பிழிதிறனில் அரை சதவீதப் புள்ளி என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஒரு பருவத்தில் 2 லட்சம் டன் அரைக்கும் ஆலைக்கு அது 1,000 டன் சர்க்கரை. கிலோ 31 ரூபாய் என்ற குறைந்தபட்ச விலையில் வைத்தாலும் 3 கோடியே 10 லட்சம் ரூபாய்.

இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாகு கோல்ட்ராட் 1984-இல் 'தி கோல்' என்ற நாவலின் வழியாகவே செயல்பாட்டு மேலாண்மையைக் கற்பித்தார். ஒரு தொழிலின் வேகத்தை அதன் மிகக் குறுகலான இடம் தீர்மானிக்கிறது. மற்ற இடங்களில் செய்யும் சீர்திருத்தம் எல்லாம் வீண் என்பது அதன் கருத்து. நம் கூட்டுறவு ஆலைகளைச் சீரமைப்பது என்றால் புதிய அரவை உருளையும் கொதிகலனும் வாங்குவது என்றே பல காலமாகப் பொருள்கொள்கிறோம். அவை தேவையில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குறுகலான இடம் ஆலைச் சுவருக்கு உள்ளே இல்லை. 2,500 டன் திறனுள்ள ஆலை 160 நாள் ஓடினால் 4 லட்சம் டன் கரும்பு வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஆலையின் நிலைச் செலவு ஆண்டுக்கு 30 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 லட்சம் டன் வந்தால் டன்னுக்கு 750 ரூபாய்; ஒன்றரை லட்சம் டன்தான் வந்தது என்றால் 2,000 ரூபாய். எந்த நவீன எந்திரமும் இந்த 1,250 ரூபாய் இடைவெளியை அடைக்காது. கரும்பு வரவேண்டும்.

கரும்பு வராததற்கு விலைதான் காரணம் என்பது பொதுக்கருத்து. தமிழக அரசும் அப்படிக் கருதியே 2024-25 பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை சேர்த்து 3,500 ரூபாய் கிடைக்கச் செய்தது. விலை முக்கியமே. ஆனால் தென்பெண்ணைக் கரையில் முப்பது ஆண்டுகள் கரும்பு பயிரிட்ட என் பெரியப்பா மகன் வேறொன்றைச் சொன்னார். அப்பகுதி ஆலை ஒன்றுக்குக் கரும்பு அனுப்பிவிட்டு, பணத்துக்காக இரண்டு பொங்கல்கள் காத்திருந்தவர் அவர். அதன்பின் கரும்பை விட்டு நெல்லுக்கும், மேட்டு நிலத்தில் சவுக்குக்கும் மாறினார். "விலை குறைவென்று நான் விடவில்லை, தம்பி. பணம் வரும் தேதி தெரியவில்லை, அதனால் விட்டேன்" என்றார்.

கரும்பு (கட்டுப்பாட்டு) ஆணை, 1966-இன்படி கரும்பு ஒப்படைத்த 14 நாள்களுக்குள் பணம் தரவேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. சட்டத்தில் தேதி இருக்கிறது. அண்ணனுக்குத் தெரியாமல் போனது அந்தத் தேதியன்று. நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டால், மழைக்காலத்து அலைக்கழிப்பெல்லாம் போக, பணம் சில நாள்களில் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுகிறது. கரும்புக்குப் பன்னிரண்டு மாதம் வயலில், பிறகு வெட்டு உத்தரவுக்காக எத்தனை வாரமோ, பிறகு பணத்துக்காக எத்தனை மாதமோ. வெட்டு உத்தரவு தாமதமானால் கரும்பு பூத்து, நெட்டி விழுந்து, எடையும் இனிப்பும் ஒருசேரக் குறையும்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தோருக்கு இரு வழிகள் உண்டு என்றார். குரல் எழுப்புவது அல்லது வெளியேறுவது. கூட்டுறவு ஆலையில் விவசாயி வெறும் விற்பனையாளர் அல்லர், பங்குதாரர். குரல் எழுப்பச் சட்டமே இடம் தந்திருக்கிறது. ஆனால் செயலாட்சியர்களின் கீழ் ஓடிய ஆண்டுகளில் அந்தக் குரல் மனுக்களாகவும் மறியல்களாகவும் சுருங்கிப்போனது. அதனால் விவசாயிகள் சத்தமின்றி வெளியேறினர். நிலுவைத் தொகையை நாம் மனிதாபிமானப் பிரச்னையாகவே பேசுகிறோம். நான் அதை ஆலையின் இயக்கப் பிரச்னையாகவும் பார்க்கிறேன். இந்த ஆண்டின் நிலுவை என்பது அடுத்த ஆண்டின் மூலப்பொருள் தட்டுப்பாடு. கொதிகலனில் நீர் குறைவதைக் காட்டும் கருவிக்குத் தரும் கவனத்தை நிலுவைப் பட்டியலுக்கும் தந்தாகவேண்டும்.

படாளத்தின் நிலைமையில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அதே நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி வடக்கே போனால் மகேந்திரா உலக நகரம். அதற்கும் அப்பால் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை. அங்குள்ள மகிழுந்து ஆலைகளில் உதிரிபாகங்கள் மணிக்கணக்கில் திட்டமிட்டு வந்து இறங்குகின்றன. ஒரு நாள் சரக்கைத் தேக்கி வைப்பதே வீண் செலவு என்பது அவர்களின் இலக்கணம். இரும்பு காத்திருந்தால் கெடுவதில்லை. இருந்தும் அதைக் காக்கவைப்பதில்லை. காத்திருந்தால் கெடும் கரும்பைத்தான் நாம் காக்கவைக்கிறோம். அந்தத் தொழிற்சாலைகள் கரும்பு வயல்களிலிருந்து இளைஞர்களையும், வீட்டுமனைத் தரகர்கள் வழியாக நிலத்தையும் இழுத்துக்கொண்டன. இதைப் பழிக்கமாட்டேன், என் மாணவர்களில் பலர் அங்கே வேலை பார்த்துத்தான் வீடு கட்டினர். ஆனால் அதன் விளைவாகக் கரும்பு வெட்ட ஆள் இல்லை. வெட்டுக்கூலியே கரும்பு விலையில் மூன்றில் ஒரு பங்கை விழுங்குகிறது என்று விவசாயிகள் கணக்குச் சொல்கின்றனர்.

இங்கேதான் உத்தி என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. ஹார்வர்டு பேராசிரியர் விக்காம் ஸ்கின்னர் 1969-இலேயே எச்சரித்தார்: உற்பத்திப் பிரிவைத் திறமையாக ஓட்டுவது மட்டும் போதாது, எதில் சிறந்து விளங்கப் போகிறோம், எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்று. நம் கூட்டுறவு ஆலைகளிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லா ஆலைகளும் எல்லாவற்றையும் செய்ய முயல்கின்றன.

மகாராஷ்டிரத்தில் விட்டல்ராவ் விக்கே பாட்டீலும் பொருளியல் அறிஞர் தனஞ்செயராவ் காட்கிலும் லோணியில் தொடங்கிய கூட்டுறவு ஆலை முதலே, வெட்டும் வண்டியும் ஆலையின் பொறுப்பு என்ற ஏற்பாடு அங்கே வளர்ந்தது. செலவைக் கரும்பு விலையில் கழித்துக்கொள்வர். ஆனால், எந்த வயல் எந்த நாளில் வெட்டப்படும் என்பது ஆலையின் கையில் இருக்கும். மராத்வாடாவிலிருந்து பெயர்ந்து வரும் வெட்டுத் தொழிலாளர்களின் வாழ்க்கை அங்கே கொடியது. அதை நாம் இறக்குமதி செய்யக்கூடாது. ஆனால் குறுகலான இடத்தை ஆலையே பொறுப்பேற்றது என்ற பாடம் எடுத்துக்கொள்ளத்தக்கது. இங்கோ வெட்டும் ஆளுக்காக மேஸ்திரியின் வீட்டுத் திண்ணையில் பெரும்பாலும் விவசாயிதான் உட்கார்ந்திருக்கிறார்.

அறுவடை எந்திரம் தீர்வாகுமா என்றால், ஆகும். ஆனால் அதற்கு வரிசைகளுக்கு இடையே நாலரை முதல் ஐந்தடி வேண்டும். ஒற்றைப் பரு நாற்றுகளை அகன்ற பாரில் நடும் முறை இதற்கு ஒத்துவரும். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று துண்டுபட்ட செங்கல்பட்டு வயல்களில், அருகருகே உள்ளவர்கள் ஒரே வாரத்தில் நட்டால்தான் எந்திரம் இறங்கித் திரும்ப இடமிருக்கும். அந்த ஒருங்கிணைப்பைச் செய்யக்கூடிய ஒரே அமைப்பு, உறுப்பினர் பட்டியலும் கரும்பு உதவியாளர்களும் உள்ள கூட்டுறவு ஆலைதான்.

சக்கையிலிருந்து மின்சாரம், மொலாசஸிலிருந்து எத்தனால் என்ற இரண்டும் மற்ற வாய்ப்புகள். ஒரு டன் கரும்பில் ஏறத்தாழ 300 கிலோ சக்கை கிடைக்கும். பழைய ஆலைகளின் கொதிகலன்கள் 21 கிலோ அழுத்தத்தில் ஓடுபவை. அவை சக்கையை எரித்துத் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்வதோடு சரி. 87, 110 கிலோ அழுத்தத்தில் ஓடும் புதியவை மின்தொகுப்புக்கே விற்கும் அளவுக்கு மின்சாரம் தரும். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் கொள்கை வந்தபின் வடிப்பாலை உள்ளவர்களுக்குப் பணம் விரைவாகவும் வருகிறது. ஆனால் இவையெல்லாம் கரும்பு வந்த பிறகான பேச்சு. ஆண்டில் நான்கு மாதம்கூட முழுத் திறனில் ஓடாத ஆலைக்கு உயர் அழுத்தக் கொதிகலன் வாங்குவது, குதிரை இல்லாத வீட்டில் லாயம் கட்டுவதாகும்.

படாளம் போன்ற ஓர் ஆலையில் ஒரே ஒரு மாற்றம் செய்ய எனக்கு வாய்ப்பளித்தால், ஆலை வாயிலில் ஒரு பலகை வைப்பேன். அதில் மூன்று எண்கள்: இன்று அரைத்த கரும்பு வெட்டப்பட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று, இன்றைய பிழிதிறன் எவ்வளவு, எந்தத் தேதி வரை ஒப்படைத்த கரும்புக்குப் பணம் தரப்பட்டுவிட்டது. வெட்டு உத்தரவைக் கைப்பேசிக்கு அனுப்பும்போதே ஆலைக்கு வரவேண்டிய நேரத்தையும் குறித்து அனுப்புவது அடுத்த படி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வயல் காய்ந்து, அரவை தொடங்கும் மார்கழிக்குள் இவற்றைச் செய்துவிடலாம். பெரிய முதலீடு எதுவும் தேவையில்லை.

சென்ற மாதம் அண்ணனிடம் இந்தப் பலகையைப் பற்றிச் சொன்னேன். மூன்றாவது எண்ணைத் தினமும் யார் மாற்றி எழுதுவார்கள் என்று கேட்டார். சவுக்கு வெட்ட இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதன்பின் அந்த நிலத்தில் என்ன நடுவது என்று அவர் முடிவு செய்யவில்லை.